ஆறு மணி நேரத்துக்குத் தொடாதீர்

என் கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுச் சான்றிதழ் தொங்குகிறது. பக்கவாதம் வந்து தடுமாறிய ஒரு மனிதரைப் பார்த்து, "காரைத் தொடாதீங்க" என்று சொன்னதற்காகக் கொடுத்தது. சான்றிதழில் அப்படி எழுதவில்லை. 'நெருக்கடியான வேளையிலும் மேற்பூச்சின் நலனைக் கைவிடாத கடமையுணர்ச்சிக்காக' என்று எழுதியிருக்கிறது. கீழே ஒரு அரசுத் துறை இயக்குநரின் கையெழுத்து, பக்கத்தில் முத்திரை. கழற்றிப் போடலாம்தான். கழற்றினால் அந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுப்பாகத் தெரியும், இங்கே என்ன இருந்தது என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. தொங்கிவிட்டுப் போகட்டும்.

நான் கார் கழுவுகிறவன். மச்சானும் நானும் சேர்ந்து நடத்தும் கடை. பலகையில் 'கார் டீட்டெய்லிங்' என்று போட்டிருக்கிறோம். அப்படிப் போட்டால்தான் பெரிய வண்டிகள் வரும் என்றான் மச்சான். கழுவுவது, பாலீஷ் போடுவது, தோல் சீட்டு வெடிக்காமல் இருக்க க்ரீம் தடவுவது, பெயின்ட் மேல் செராமிக் கோட்டிங் அடிப்பது, இவ்வளவுதான் எங்கள் பிழைப்பு. இதில் யாருக்கும் கெடுதல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒருநாள் சிறப்பு வாகனத் தோற்றப் பாதுகாப்புத் துறையிலிருந்து, தங்கள் காருக்குக் கோட்டிங் அடிக்க வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தத் துறை உருவான கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்போதோ வந்துபோன ஒரு வெளிநாட்டு விருந்தாளி, அப்போதிருந்த நாட்டுத் தலைவருக்கு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பரிசாகக் கொடுத்தார். இரண்டே சீட்டு, தரையோடு தரையாக இருக்கும். தலைவர் உள்ளே உட்கார்ந்து பார்த்தார். திரும்ப வெளியே எடுக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். அதன் பிறகு அந்தக் காரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் பாதுகாப்பது என்று முடிவு செய்தார்கள். பாதுகாக்க ஒரு துறை, துறைக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு முப்பத்தொரு பேர். கார் அதுவரை ஓடியிருந்தது அறுபத்தொரு கிலோமீட்டர். அதுவும் துறைமுகத்திலிருந்து வந்த தூரம்.

என்னை வரவேற்ற கண்காணிப்பாளர் ஒல்லியான மனிதர். கையுறை போட்டுக்கொண்டுதான் கை குலுக்கினார்.

"எங்க துறைக்கு ஒரே ஒரு கொள்கைதான் தம்பி. ஒரு பொருளைப் பயன்படுத்துறதுதான் சேதத்தோட ஆரம்பம். அதை நாங்க ஆரம்பிக்கவே விடலை."

கார் கதவைத் திறந்து காட்டினார். தோல் சீட்டுக்கு மேல் துணி உறை. துணி அழுக்காகக் கூடாதே என்று பிளாஸ்டிக் உறை. பிளாஸ்டிக்கில் கீறல் விழக் கூடாதே என்று மறுபடி ஒரு துணி உறை. அதற்கும் மேலே செய்தித்தாள். சீட்டு இப்படியே வளர்ந்து வளர்ந்து, உட்காருகிறவர் கழுத்தை மடித்துத்தான் உட்கார வேண்டும் என்ற நிலைக்கு வந்திருந்தது. கால் வைக்கும் இடத்தில் மிதியடிக்கு மேல் மிதியடியாக ஐந்து கிடந்தன.

"புது கார் வாசனை இன்னும் இருக்கா சார்?" என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.

"அதுக்குத் தனிக் குழு இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து மோந்து பார்ப்பாங்க. மோந்து பார்க்கப் பார்க்க வாசனை குறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால மோந்து பார்க்கிறதில்லை. இருப்பதாகக் கருதப்படுகிறதுன்னு அறிக்கை போட்டுடுவாங்க."

"அப்போ குழு?"

"குழு இருக்கு. வாரா வாரம் கூடுது."

அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர் ஓட்டுநர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். முன்பு லாரி ஓட்டியவர், அகலமான கை. இந்த வேலையில் பதினோரு வருடம் ஆகியிருந்தது, அந்தக் காரை ஒரு அடி ஓட்டியதில்லை. சாவியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, காருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை மட்டும் உள்ளே குறுகி உட்கார்ந்து ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பார். அதற்கு நான்கு படிவம்.

"வருஷா வருஷம் ஒரு மனு குடுப்பேன்பா. கேட் வரைக்கும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும்னு. பரிசீலனையில இருக்குன்னு பதில் வரும்."

"கோபம் வரலையாண்ணே?"

"என்ன கோபம்? இல்லைன்னு சொல்லலையே."

இன்னும் பதினான்கு மாதத்தில் அவருக்கு ஓய்வு. ஓய்வூதியம் வந்ததும் தையல் வேலை செய்யும் மனைவியை உட்காரவைத்துச் சோறு போடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வேலையை மூன்று நாளும் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். வாளியில் தண்ணீர் மாற்றித் தருவார். கீழே விழுந்த துணியை நான் மறந்துபோய் எடுக்கப் போனால், "மண்ணு ஒட்டியிருக்கும்பா, கீறிடும்" என்று அவரே வேறு துணியை நீட்டுவார். என்னைவிட அவருக்கு அந்தக் காரின் மேல் அக்கறை.

மூன்றாம் நாள் கோட்டிங். செராமிக் கோட்டிங் என்பது ஒரு சின்னக் குப்பியில் வரும் திரவம். பஞ்சுக் கட்டையில் நாலு சொட்டு விட்டு, கட்டம் கட்டமாகத் தடவி, மென்மையான துணியால் துடைத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு ஆறு மணி நேரம் தொடக் கூடாது. அது காயும்போது விரல் பட்டால் ரேகை அப்படியே உள்ளே இறுகிவிடும், அப்புறம் பாலீஷ் மெஷின் வைத்துக் கோட்டிங்கையே தேய்த்து எடுத்தால்தான் போகும். இதைக் கண்காணிப்பாளரிடம் சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு. உடனே ஒரு உறுதிமொழிப் பத்திரம் அடித்துக்கொண்டு வந்தார். 'பூச்சு காயும் வரை எவரும் எக்காரணம் கொண்டும் தொடாமல் காப்பது என் பொறுப்பு.' கையெழுத்துப் போட்டேன். 'ஆறு மணி நேரத்துக்குத் தொடாதீர்' என்று ஒரு அட்டையும் எழுதி முன்னால் நிறுத்தினார்கள்.

பதினோரு மணிக்குக் கடைசிக் கட்டத்தைத் துடைத்து முடித்தேன். ஒரு மணிக்கு அண்ணன் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தார். எனக்கு ஒன்றைக் கொடுத்தார். இன்னொன்று அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. விழுந்ததை அவர் குனிந்து பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வந்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் வலது கையைக் கார்க் கதவில் ஊன்றினார்.

"அண்ணே, தொடாதீங்க" என்று கத்தினேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். விழப்போகிற மனிதர், பிடிமானத்தை விட்டுவிட்டார். "மன்னிச்சுக்கப்பா" என்று குழறிக்கொண்டே, கவிழ்த்து வைத்திருந்த என் வாளி மேல் உட்கார்ந்தார். நான் முதலில் எதைப் பார்த்தேன் தெரியுமா? கதவைப் பார்த்தேன். ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சடித்தது போல விழுந்திருந்தன. அதைப் பார்த்து மனதுக்குள் அவரைத் திட்டினேன். அதற்கப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். வழியில் நெரிசல், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். துறையின் மற்ற இரண்டு கார்களும் வெளியே போயிருந்தன. துறை இயக்குநரும் மற்ற அதிகாரிகளும் வாகனப் பராமரிப்புக் கருத்தரங்குக்குப் போயிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி பன்னிரண்டு நிமிடத் தூரம். என் கண் முன்னால் ஒரு கார் நிற்கிறது, சாவி அவர் கழுத்திலேயே தொங்குகிறது, எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்.

"சார், இதுல ஏத்திக்கிட்டுப் போயிடலாம் சார்" என்றேன்.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. ஓடிப் போய் வெளியேற்றப் படிவத்தை எடுத்துவந்தார். "ஓட்டுநர் கையெழுத்து வேணுமே" என்று பேனாவை அண்ணன் கையில் வைத்தார். விரல்கள் மூடவில்லை, பேனா கீழே உருண்டது. இடது கையால் போடலாமா என்று கேட்டேன். இடது கைக் கையெழுத்தை ஒரு அதிகாரி சான்றளிக்க வேண்டும், அந்த அதிகாரி கருத்தரங்கில் இருக்கிறார். எல்லாவற்றையும் யோசித்த பிறகு அவர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"சரி, வர்றது வரட்டும், நான் பார்த்துக்கிறேன். பூச்சு காஞ்சிடுச்சா?"

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன், இன்றுவரை வெளியே வரவில்லை. 'காஞ்சிடுச்சு சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவருக்குக் காய்ந்ததும் தெரியாது, காயாததும் தெரியாது. கேட்டதே ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்தப் பத்திரத்தில் என் கையெழுத்து இருந்தது. வேலை கெட்டால் கடைப் பெயர் போகும் என்ற பயமும் இருந்தது. பதினெட்டு வருடமாகக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பழகிய பதில் தானாக வாயில் வந்துவிட்டது.

"இல்ல சார். இன்னும் நாலு மணி நேரம் ஆகும்."

"அப்போ எப்படி" என்றார் அவர். படிவத்தைப் பையிலிருந்து திரும்ப எடுத்தார்.

ஆம்புலன்ஸ் ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. உயிர் பிழைத்துவிட்டார். வலது கை விளங்காமல் போய்விட்டது. கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். எனக்கு இதைச் சொன்னது கண்காணிப்பாளர்தான்.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். நான் குளித்து, நல்ல சட்டை போட்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்ற முடிவோடுதான் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, விசாரணை அண்ணனுக்கு நடந்ததைப் பற்றி இல்லை, கதவுக்கு நடந்ததைப் பற்றி. விசாரணைக் குழு உறுப்பினர்கள் மூன்று பேர் ஒரு பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரின் அந்தப் பக்கத்தை மட்டும் சுற்றித் திரை கட்டியிருந்தார்கள், ஏன் என்று கேட்டதற்குப் பாதிக்கப்பட்ட பகுதி என்றார்கள்.

இயக்குநர் எழுந்து பேசினார்.

"மனுஷங்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, டாக்டர் இருக்காங்க, சொந்தக்காரங்க ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போய்ப் பார்க்கிறாங்க. இந்தப் பூச்சுக்கு யார் இருக்கா? நம்மைத் தவிர யாருமில்லை. அன்னைக்கு அந்த ஓட்டுநர் பத்தடி தள்ளி விழுந்திருக்கலாம். இடம் இருந்திருக்கு. நான் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கேன்."

சேதம் அண்ணன் செய்தது என்று உறுதியானால் பணிநீக்கம், ஓய்வூதியம் கிடையாது. துறையின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா இதை என் காதில் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே பதிவேட்டிலும் எழுதினார். கையும் போய் ஓய்வூதியமும் போனால் அந்த மனிதர் என்ன செய்வார்? நான் எழுந்தேன்.

"ஐயா, அது என் கை. நான்தான் தெரியாம வெச்சுட்டேன்."

என்னை முன்னால் கூப்பிட்டார்கள். கையை நீட்டச் சொல்லி அளவு பார்த்தார்கள். என் கை சின்னது, ஒரு விரல் அகலம் வித்தியாசம் வந்தது. அப்போதும் விடாமல் என்னுடையதுதான் என்று சாதித்தேன்.

"நீங்க இந்தத் துறை தேர்ந்தெடுத்த நிபுணர். நிபுணர் தப்புப் பண்ணினார்னா தேர்ந்தெடுத்த நாங்க தப்புப் பண்ணினோம்னு ஆகும். நாங்க தப்புப் பண்ணலை. அதனால அது உங்க கை இல்லை" என்றார் இயக்குநர்.

"சரிங்கய்யா. ஆனா அன்னைக்கு விழப்போனவரைத் தொடாதீங்கன்னு கத்தினது நான்தான். காயலைன்னு நான் சொன்னதாலதான் அவரைக் கார்ல ஏத்தலை. தப்பு என்னுது. அதையாவது எழுதிக்குங்க."

மூன்று உறுப்பினர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாகக் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். அம்மா எழுதிக்கொண்டார். அந்தச் சான்றிதழ் பிறந்த கதை அதுதான்.

கைத்தடம் அண்ணனுடையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனோம். நான், கண்காணிப்பாளர், ஒரு மை டப்பா. இரண்டு அறை வீடு, தையல் மெஷின் பக்கத்திலேயே கட்டில். அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வலது கை மடியில் மூடிக் கிடந்தது. அண்ணி அதை மடியில் வாங்கி, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக நீவி விரித்துக் கொடுத்தார். விட்டால் திரும்ப மூடிக்கொண்டது. மை தடவி அழுத்தியபோது காகிதத்தில் வெறும் ஒரு கருப்பு முட்டை வடிவம்தான் விழுந்தது. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

"அன்னைக்கு ஆபீஸ்ல ஒரு வண்டிகூட இல்லையாமே?" என்று அண்ணி கேட்டார். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வண்டி இருந்துச்சும்மா. ஈரமா இருந்துச்சு" என்றார் கண்காணிப்பாளர்.

அண்ணிக்கு அது புரியவில்லை. புரியவைக்க வேண்டியவன் நான். நான் மை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அண்ணன் என் பக்கம் சாய்ந்து, வாயைச் சிரமப்பட்டுத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"உன் வேலையைக் கெடுத்துட்டேன்பா. மூணு நாள் பாடுபட்ட."

வாசலுக்கு வந்து ஒரு மூலையில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது, கோபத்தில் புத்தி வேலை செய்தது. நேராக இயக்குநர் அறைக்குப் போனேன்.

"ஐயா, அந்தக் கைத்தடத்தை எடுக்கணும்னா கோட்டிங்கையே தேய்ச்சு எடுக்கணும். எடுத்தா ஏழு வருஷ கேரண்டி போயிடும். கேரண்டிப் பத்திரத்துல உங்க கையெழுத்து இருக்கு."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எடுக்காம விட்டா?"

"எடுக்காம விட்டா அது இறுகிப்போன பூச்சு. பூச்சோட ஒரு பகுதி. உங்க விதிப்படி பூச்சைப் பாதுகாக்கணும். பாதுகாக்க வேண்டிய ஒண்ணைச் சேதம்னு எழுத முடியாதுங்களே."

அவர் கேரண்டிப் பத்திரத்தை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. அன்று மாலையே உத்தரவு வந்துவிட்டது. கைத்தடம் சேதமல்ல, பாதுகாக்கப்பட்ட மேற்பரப்பு. ஓட்டுநர் மேல் நடவடிக்கை இல்லை, மருத்துவக் காரணத்தால் முழு ஓய்வூதியத்தோடு ஓய்வு. கைத்தடத்தைப் பராமரிக்கக் கைத்தடக் குழு என்று ஒன்று அமைக்கப்படும். மாதம் ஒருமுறை அதைத் துடைத்து மெருகு கலையாமல் காக்கும் பொறுப்பு நிபுணருக்கு. நிபுணர் என்றால் நான்.

ஆக, மாதா மாதம் போகிறேன். கதவின் மேல் கண்ணாடிப் பலகை வைத்துச் சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். பலகையைக் கழற்றி, அந்த ஐந்து விரலையும் மென்மையான துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன். குழுவில் ஒன்பது பேர். தடத்துக்கு வெயில் படுகிறதா, ஈரம் படுகிறதா என்று மாறி மாறிக் கேட்பார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கோப்பு அம்மா மட்டும் ஒருமுறை கேட்டார், யாரும் இல்லாதபோது.

போன மாதம் அண்ணனே வந்தார். கழுத்துச் சாவியை முறைப்படி ஒப்படைக்க வேண்டுமாம். அண்ணி தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு கண்காணிப்பாளர் ரசீது கொடுத்தார். இந்த வருட மனுவுக்கான பதிலையும் கையோடு கொடுத்துவிட்டார். பரிசீலனையில் இருக்கிறதாம்.

அண்ணன் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். தன் கைத்தடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாப் பார்த்துக்கிற" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, அண்ணி, ரெண்டு பேரும் கேளுங்க. அன்னைக்கு இந்த வண்டியில உங்களைக் கொண்டுபோயிருக்கலாம். காஞ்சிடுச்சான்னு சார் கேட்டாரு. காஞ்சிடுச்சுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாரு. நான் காயலைன்னு சொல்லிட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அதை வாங்கிக்கொண்டு நின்றேன். அண்ணன்தான் பேசினார்.

"காயலையேப்பா அப்போ. உள்ளதைத்தானே சொன்ன."

அவர் அதை எனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கினார். கயிற்றுக்கு மேலே கொண்டுவந்து, கதவுக்குப் பக்கத்தில் அப்படியே நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார்.

"இப்போ காஞ்சிடுச்சாப்பா?"

"காஞ்சிடுச்சுண்ணே" என்றேன்.